மகான்களும் ஒரு அழுகிய கத்தரிக்காயும்

முதலில் ஒருவருடைய சி.வி.யை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆளை வேலைக்கு எடுப்பீர்களா என்று நீங்களே சொல்லுங்கோ.

பெயர் ஃபெலிக்ஸ் டெரெல். அதுவும் பிறந்தபோது வைத்த பெயர் அல்ல, பிறகு சூடிக்கொண்டது. பிறந்த இடம் கனடாவின் மொன்றியல் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். உண்மையில் பாரிஸ், 1873. பட்டம் கிடையாது. நுண்ணுயிரியல் படித்தது வீட்டில், புத்தகத்தைப் பார்த்து. முன் அனுபவம்: சகோதரனோடு சேர்ந்து சொக்கலேற் பக்டரியில் காசைப் போட்டார், அது படுத்துவிட்டது. மேப்பிள் பாணியிலிருந்து விஸ்கி எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார். குவாத்தமாலாவுக்குப் போய் வாழைப்பழத்திலிருந்து விஸ்கி. மெக்சிகோவுக்குப் போய்க் கற்றாழைச் சாதிச் செடியிலிருந்து இன்னொரு சாராயம். எங்கள் பக்கத்தில் இந்தத் துறைக்குக் கசிப்பு என்று பெயர். பொலிஸ் வந்து பானையை உடைத்துவிட்டுப் போகும்.

அவருக்கு மட்டும் யேல் பல்கலைக்கழகம் பேராசிரியர் கதிரை கொடுத்தது.

சாராயத்துக்கு அடுத்ததாக மனிசன் பிடித்தது வெட்டுக்கிளி. மெக்சிகோவின் யுகட்டான் பக்கம் 1910 வாக்கில் வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் வயிற்றோட்டம். நீங்களும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்போம். டெரெல் அதைக் கரண்டியால் வழித்தெடுத்தார். அந்தப் பக்டீரியாவைத் தட்டில் வளர்த்தபோது ஆங்காங்கே சின்னச் சின்ன வெறும் வட்டங்கள் தெரிந்தனவாம். இது அவர் பிற்காலத்தில் சொன்ன கதை. அவர் பிற்காலத்தில் சொன்ன கதைகளில் மொன்றியலும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு முதலாம் உலக யுத்தம். பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் சம்பளமில்லாத உதவியாளராக இருக்கிறார். படையினருக்கு இரத்தக் கழிச்சல். நோயாளிகளின் கழிவை மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டு, வடிந்து வந்த தெளிந்த நீரைக் கலங்கிப்போன பக்டீரியாக் குடுவையில் கலந்தார். காலையில் வந்து பார்த்தால் குடுவை பளிச்சென்று தெளிந்திருந்தது. பக்டீரியா ஒன்றும் மிச்சமில்லை. பக்டீரியாவுக்கே வருத்தம் கொடுக்கிற வைரஸ் ஒன்று இருக்கிறது என்று 1917இல் அறிவித்தார். பக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, பக்டீரியாவையே ஆலையாக்கித் தன் பிள்ளைகளைப் பெருக்கி, கடைசியில் அதை வெடிக்க வைத்து வெளியே வரும் சாமான். பெயர் ஃபேஜ். ஒரு கோப்பை மலத்திலிருந்து ஒரு புது உயிர் உலகமே கிடைத்தது; சம்பளம் அப்போதும் கிடைக்கவில்லை.

1919இல் இதைப் பிள்ளைகளின் கழிச்சலுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பானதா என்று எப்படித் தெரியும்? இன்றைக்கென்றால் எதிக்ஸ் கொமிற்றி, நூறு பக்கப் படிவம், மூன்று வருடக் காத்திருப்பு. டெரெல் முதலில் தான் குடித்தார். அடுத்து வீட்டாருக்குக் கொடுத்தார். பெரியாஸ்பத்திரிப் பேராசிரியரும் பயிற்சி டொக்டர்மாரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். மறுநாள் எல்லோரும் உயிரோடு இருந்தபடியால் மருந்து பாதுகாப்பானது என்று தீர்மானமாயிற்று. பிறகு அதைக் குடித்த கழிச்சல்காரப் பையன் ஒருவன் உண்மையிலேயே தேறினான், அது வேறு விஷயம்.

இந்த இடத்தில் உங்கள் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு சித்தப்பா குறுக்கிடுவார். ‘இதெல்லாம் 1896இலேயே கங்கையில் கண்டுபிடிச்சாச்சு’ என்பார். அவர் சொல்வது ஏர்னஸ்ட் ஹான்கினை. ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகர். ஓய்வு நேரத்தில் கழுகு எப்படிப் பறக்கிறது என்று அண்ணாந்து பார்த்து ஆராய்ந்தவர்; முகலாயக் கட்டடங்களின் சித்திரக் கோலங்களையும் விட்டுவைக்காதவர். யமுனை நீரிலும் கங்கை நீரிலும் வாந்திபேதிக் கிருமி விரைவாகச் சாகிறது என்று எழுதினார். அதுவரை சித்தப்பா சொல்வது சரி.

ஆனால் ஹான்கின் அதே நீரைச் சூடாக்கியும் பார்த்தார். திறந்து கொதிக்க வைத்தால் சக்தி போய்விட்டது. இறுக மூடிச் சூடாக்கினால் அப்படியே இருந்தது. ஃபேஜ் என்றால் மூடினாலென்ன, திறந்தாலென்ன, வெந்துதானே போகும்? ஆவியாகிப் போகக்கூடிய ஏதோ ஒரு பொருள் என்றுதான் அவரே நினைத்தார். ஆள் தன் வாயால் சொல்லாத கண்டுபிடிப்புக்கு நாம் நூறு வருடம் கழித்து மாலை போட்டிருக்கிறோம். அந்த மனிதரோ, கிணறுகளில் கொண்டிஸ் என்ற கிருமிநாசினியைப் போட்டு ரோஸ் நிறமாக்கும் திட்டத்துக்குத்தான் அந்தக் காலத்தில் பெயர் பெற்றிருந்தார்.

சரி, முதலில் கண்டது டெரெல் என்றே வைத்துக்கொள்வோமா? பொறுங்கோ. லண்டனில் ஃபிரெடரிக் துவோர்ட் என்று ஒரு அமைதியான மனிதர் 1915இலேயே இதே கூத்தைக் கண்டு லான்செற் சஞ்சிகையில் எழுதிவிட்டார். இது வைரஸாக இருக்கலாம், நொதியமாக இருக்கலாம், பக்டீரியாவின் ஒரு பருவமாகவும் இருக்கலாம் என்று எல்லா வழியையும் திறந்து வைத்து, காசில்லாதபடியால் மேலே போக முடியவில்லை என்று கட்டுரையை முடித்தார். அடக்கமான மனிதர்களுக்கு வரலாறு கொடுக்கும் இடம் எது தெரியுமா? அடிக்குறிப்பு.

அந்த அடிக்குறிப்பைத் தோண்டி எடுத்தவர் பெல்ஜியத்தின் ஜூல் போர்டே. 1919க்கான நோபல் பரிசு வாங்கினவர். ஃபேஜ் என்று உயிர் எதுவும் இல்லை, பக்டீரியாவே சுரக்கும் நொதியம் அது என்பது அவர் கட்சி. பட்டமில்லாத ஒருவன் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் எழும்பி நின்று பேசுவதைப் பொறுக்க முடியவில்லை போலும். துவோர்ட்டின் மேல் திடீர்ப் பாசம் பொங்கி, ‘முதலில் கண்டவர் அவரல்லவா!’ என்று 1921இல் அவரும் அவருடைய சீடர் கிராசியாவும் கொடி தூக்கினார்கள். துவோர்ட்டைத் தூக்கிப் பிடித்தது துவோர்ட்டுக்காக அல்ல, டெரெலைக் கீழே போடுவதற்காக.

டெரெலும் விடவில்லை. துவோர்ட் கண்டது வேறு, நான் கண்டது வேறு என்று பத்து வருடம் மல்லுக்கு நின்றார். கடைசியில் இரண்டு பேராசிரியர்களை நடுவராக வைத்து, பழைய காலத்து வாள்சண்டை மாதிரி முறைப்படி மோதினார்கள். 1932இல் தீர்ப்பு வந்தது: இரண்டும் ஒன்றுதான். 1940இல் ஜேர்மனியில் எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டி ஃபேஜைப் படமே பிடித்துவிட்டது. நொதியம் என்று சொன்ன நோபல்காரர் பிழை. துவோர்ட்டோடு ஒட்டமாட்டேன் என்ற டெரெல் பிழை. உலகத்தில் ஒரேயொரு ஃபேஜ் இனந்தான் உண்டு என்று அவர் அடித்துச் சொன்னதும் பிழை. டெரெலின் பெயரை நோபலுக்குப் பலமுறை அனுப்பினார்கள், ஒருமுறையும் விழவில்லை.

இதற்கிடையில் 1927இல் மனிசன் இந்தியாவுக்கு வந்தார். லாகூர், கல்கத்தா, பஞ்சாப் கிராமங்கள். வாந்திபேதி நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்ததோடு நிற்காமல், ஊர்க் கிணறுகளிலும் ஃபேஜை ஊற்றினார். ஹான்கின் கொண்டிஸ் ஊற்றிய நாட்டுக் கிணறுகள், இப்போது இது. இந்தியக் கிணறுகளைப் பார்த்தால் வெள்ளைக்கார விஞ்ஞானிகளுக்குக் கை சும்மா இருக்காது போலும். 1936 வரை அசாம் பக்கம் பெரிய ஆய்வே நடந்தது. நௌகாங் பகுதிக்கு ஃபேஜ், ஹபிகஞ்ச் பகுதிக்கு இல்லை, எங்கே சாவு குறைகிறது பார்ப்போம் என்று. நல்ல முடிவுபோலத்தான் தெரிந்தது. ஆனால் வாந்திபேதி தன்பாட்டில் ஏறி இறங்கும் வியாதி. எது ஃபேஜின் புண்ணியம், எது அந்த வருடத்து அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

பிரிக்க முடியாத இடத்தில் வியாபாரி வருவான். பிரான்சில் டெரெலின் சொந்த ஆய்வுகூடமே போத்தல் போத்தலாக விற்றது. அமெரிக்காவில் பெரிய மருந்துக் கம்பனிகளும் இறங்கின. அக்கிக்கு, தோல் தடிப்புக்கு, எக்ஸிமாவுக்கு என்று ஃபேஜுக்குச் சம்பந்தமே இல்லாத வருத்தங்களுக்கும் மருந்து ரெடி. போத்தலுக்குள் உயிருள்ள ஃபேஜ் இருந்ததா என்பது வாங்கினவரின் கர்மபலன். 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிக்கை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டது. பத்து வருடத்தில் பெனிசிலினும் வந்துவிட்டது. மேற்கில் கடை மூடியாயிற்று.

கிழக்கில் மூடவில்லை. டெரெலின் நண்பர் ஜோர்ஜ் எலியாவா, ஜோர்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய இன்ஸ்டிடியூட் அங்கே இருந்தது. டெரெல் போனார், சோவியத் உபசாரத்தில் மயங்கினார், 1935இல் ஒரு புத்தகத்தை ஸ்டாலினுக்கே சமர்ப்பணம் செய்தார். 1937இல் அதே ஸ்டாலினின் ஆட்கள் எலியாவாவைச் சுட்டுக் கொன்றார்கள். டெரெல் அந்தப் பக்கம் திரும்பிப் போகவேயில்லை. சமர்ப்பணம் எழுதுமுன் நாலு தரம் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஃபேஜ் கதை இத்தோடு முடியவில்லை. அது மீண்டும் தலைகாட்டும் இடமான நெஞ்சுச் சளிக்கு இனி வருவோம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக சி.எஃப்., என்று ஒரு பரம்பரை நோய். ஒரு மரபணுவில் பிழை. கலங்களுக்குள் உப்புப் போய்வரும் கதவு ஒழுங்காகத் திறக்காது. வியர்வை உப்புக் கரிக்கும், சளி பசையாகத் தடிக்கும். முத்தமிடும்போது உப்பாக இருக்கும் பிள்ளை தங்காது என்று ஐரோப்பியக் கிழவிகள் எப்போதோ சொல்லி வைத்தார்கள். டொக்டர்மார் அதைப் பிடிக்க நியூயோர்க்கில் ஒரு கொடும் வெயில் அடிக்க வேண்டியிருந்தது. வெக்கையில் சுருண்டு வந்த பிள்ளைகளில் இந்த நோய்க்காரர் கனபேர். ஏன் என்று தேடிப்போய் 1953இல் ‘வியர்வையில் உப்பு அதிகம்’ என்று எழுதினார்கள். மரபணு பிடிபட்டது 1989இல். எங்கே என்கிறீர்கள்? எங்கள் ஆட்கள் அகதி பேப்பரோடு வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே ரொறன்ரோவில்.

வெள்ளைக்காரரின் வருத்தம் என்று நீண்ட காலம் நம்மையும் நம்ப வைத்தார்கள். அப்படியொன்றும் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் நிமோனியா, தொய்வு, காசம் என்று வேறு பெயர்களில் மருந்து எடுத்துக்கொண்டே காலம் போய்விடும். பரம்பரை பார்க்கும் வியாதி, தோல் நிறம் பார்ப்பதில்லை.

இந்தத் தடித்த சளிக்குள் சூடோமோனாஸ் என்கிற பச்சைநிறப் பக்டீரியா வந்து குந்தும். வாடகையும் கொடுக்காமல் எழும்பவும் மாட்டாமல் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் குடியிருப்பாளன் இருக்கிறானே, அவன்தான் இது. தன்னைச் சுற்றிப் பிசின் கோட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அன்ரிபயோட்டிக் வாசலில் நின்று கூப்பிட வேண்டியதுதான். வருடக்கணக்கில் இருமல், வருடக்கணக்கில் மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் தேய்மானம்.

ஆகா, இங்கேதான் நம் வீரன் ஃபேஜ் குதிரையில் வருவான் என்று எதிர்பார்ப்பீர்கள். வந்தான். எந்தப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி. சூடோமோனாஸுக்குள்ளேயே பிஎஃப் என்று நூல் மாதிரி மெலிந்த ஒரு ஃபேஜ் குடும்பம் குடியிருக்கிறது. அது பக்டீரியாவைக் கொல்வதில்லை. மெல்ல வெளியே வந்து, சளியோடு சேர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, அந்தப் பிசின் கோட்டையை இன்னும் பலப்படுத்தித் தருகிறது. ஸ்ரான்ஃபோர்டில் போல் பொலிக்கியின் குழு 2019இல் இரண்டு செய்தி சொன்னது. சளியில் இந்த ஃபேஜ் இருந்த சி.எஃப். நோயாளிகளின் பக்டீரியா மருந்துகளுக்கு அதிகம் மசியவில்லை. கூடவே, இந்த ஃபேஜ் நம் உடம்பின் காவலர்களை ‘வைரஸ் வந்திட்டுது’ என்று திசை திருப்பிவிட, பக்டீரியா தப்பிக்கொள்கிறது. நூறு வருடமாக நாங்கள் மகாத்மா என்று கொண்டாடிய கூட்டத்தில் காட்டிக்கொடுப்பவர்களும் இருந்திருக்கிறார்கள். ஃபேஜைச் சொல்லிக் குற்றமில்லை. தன் பிழைப்பைப் பார்க்கிறது.

இப்போது நல்லவர்களின் பக்கம். லண்டனில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, சி.எஃப். நோயாளி, இரண்டு நுரையீரலும் மாற்றியாயிற்று. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரனான ஒரு மைக்கோபக்டீரியம் உடம்பெங்கும் பரவி, அறுத்த காயம் ஆறவில்லை, மருந்து ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர்மார் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் கிரஹாம் ஹற்ஃபுல் என்பவருக்கு எழுதினார்கள். அவரிடம் ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் குளிர்பெட்டியில் இருந்தன. பெரும்பாலும் மாணவர்கள் மண்ணைக் கிண்டிப் பிடித்தவை. பிடித்தவரே பெயர் வைக்கலாம் என்பது அங்கத்தைய வழக்கம். அத்தனையிலும் அந்தப் பிள்ளையின் கிருமியை ஒழுங்காகக் கொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று. பெயர் மடி, அதாவது சேற்றான். 2010இல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் ஒரு மாணவி பிடித்தது. எதிலிருந்து? குப்பைக் குவியலில் கிடந்த அழுகின கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து.

1860இலிருந்து எங்கள் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய்க் குடியேறிய அதே டேர்பன். அங்கே கத்தரிக்காய்க்குக் குறைவிருக்குமா? நோபல்காரர்களும் பேராசிரியர்களும் யார் முதல் என்று பத்து வருடம் அடிபட்ட விஷயத்தில், ஒரு கத்தரிக்காய் சத்தமில்லாமல் வேலையை முடித்தது.

முழுவதையும் அல்ல. கூட இன்னும் இரண்டு ஃபேஜ் வேண்டியிருந்தது. அதில் சோயிஜே என்பது பக்டீரியாவுக்குள் போய்ப் படுத்துத் தூங்கும் சாதி. தூங்க வைக்கும் மரபணுவை வெட்டி எறிந்தால்தான் எழும்பிக் கொல்லும். வெட்டுவதற்கு ஒரு முறை பிற்ஸ்பேர்க்காரர் கைவசம் ஏற்கெனவே இருந்தது. அந்த முறைக்கு வேண்டிய இரண்டு மரபணுக்களை அவர்கள் எடுத்தது சே9சி என்கிற ஃபேஜிடமிருந்து. ‘சே’ என்றவுடன் தாடியும் தொப்பியும் வைத்த புரட்சிக்காரரை நினைக்க வேண்டாம். அது சென்னை. சென்னையில் கிடைத்து, அங்குள்ள காசநோய் ஆய்வு மையமும் பிற்ஸ்பேர்க்கும் சேர்ந்து 2003இல் உலகத்துக்குக் காட்டிய ஃபேஜ்களில் ஒன்று. நம் ஆட்களின் அடக்கத்தைப் பாருங்கோ: அமெரிக்க மாணவர்கள் விதவிதமாகச் செல்லப் பெயர் சூட்ட, சென்னைக்காரர் வைத்தது பஸ் நம்பர்.

2018 ஜூனில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு நூறு கோடி ஃபேஜ். ஆறு மாதத்துக்குள் காயம் ஆறியது, ஈரல் தேறியது, பிள்ளை வீட்டுக்குப் போய் நடமாடியது. கிருமி முற்றாக ஒழியவில்லை என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார்கள். டெரெல் எழுதியிருந்தால் அந்த வரி இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சூடோமோனாஸுக்கும் ஆள் கிடைத்தது, ஒரு குளத்திலிருந்து. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டொட்ஜ் பொண்ட் என்ற குளம். யேல் பல்கலைக்கழகத்து பெஞ்சமின் சான் குழு அதில் பிடித்த ஃபேஜ் ஒரு குள்ளநரி. அன்ரிபயோட்டிக்கை வெளியே பம்ப் பண்ணித் தள்ளுவதற்குப் பக்டீரியா வைத்திருக்கும் குழாயைத்தான் அது பிடித்துத் தொங்குகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமென்றால் பக்டீரியா குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அன்ரிபயோட்டிக் வந்து முடித்துவிடும். இதே தந்திரத்தில், ஆளாளுக்குப் பொருத்தமான ஃபேஜைத் தேர்ந்து, ஒன்பது சி.எஃப். நோயாளிகளுக்கு மூச்சோடு இழுக்கக் கொடுத்தார்கள். சளியில் கிருமி குறைந்தது. மூச்சுத் திறன் நடுவாகப் பார்த்தால் 6 சதவீதம் கூடியது என்று 2025இல் எழுதினார்கள். ஆறுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மாடிப்படி ஏற முடியாதவரிடம் கேட்டுப் பாருங்கோ.

குளம் என்றால் எங்களுக்கு யேல்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. கனகராயன் ஆறு வந்து விழும் இரணைமடுக் குளம் இங்கே கிடக்கிறது. மாரியில் வான் கதவு திறந்தால் படம் எடுக்கவும், கட்டில் பெயர்ப்பலகை வைக்கவும் பெரிய மனிசருக்கு ஒருகாலமும் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலீற்றருக்குள்ளேயே லட்சக்கணக்கில் வைரஸ்கள் இருக்கும். அதில் மிகப் பெரும்பங்கு ஃபேஜ். கீழே வயல் சேறு. இலங்கை வயல் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும் பக்டீரியாவும் உண்டு. 1927இல், டெரெல் இந்தியாவில் கிணறு தேடிக்கொண்டிருந்த அதே வருடம், கொழும்பில் ஒரு ஐரோப்பியருக்கு அது வந்ததாக முதல் கட்டுரை வெளிவந்தது. கமக்காரருக்கும், நீரிழிவுக்காரருக்கும், இந்தப் பக்கம் சுற்றுலா வரும் சி.எஃப். நோயாளிகளுக்கும் பொல்லாதது. அந்தப் பக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ்களும் அதே மாதிரி மண்ணில்தான் கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து உயிரியல் பிள்ளைகள் காலபோக வயலில் ஒரு போத்தல் சேறு அள்ளினால் என்ன கிடைக்குமோ.

மருந்தாகுமா? ஹற்ஃபுல் குழு 2023இல் கணக்குக் காட்டியது. மருந்து கேட்காத மைக்கோபக்டீரியா நோயாளிகள் 20 பேருக்கு ஃபேஜ் கொடுத்ததில் 11 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது. மற்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. எனவே இணையத்தில் யாராவது ‘ஃபேஜ் பவுடர்’ என்று விற்றால் வாங்காதீர்கள். பிள்ளைக்குச் சளி மாறாமல், வியர்வை உப்பாகப் பூத்து, நிறையும் ஏறாமல் இருந்தால், பெரியாஸ்பத்திரியில் வியர்வைச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: குளத்துத் தண்ணீரைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். டெரெல் குடித்தார்தானே என்று வாதாடாதீர்கள். அவர் வடிகட்டிக் குடித்தார்.